குளியலறைச் சுவரில் இருந்த பாம்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று ராத்திரி நீ அனுப்பின பாம்பு போட்டோவைப் பெரிசாக்கி நன்றாகப் பார்த்தேன். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன். படித்துவிட்டு மாப்பிள்ளையிடமும் கொடு.

அது கட்டுவிரியன் இல்லை. வெள்ளிக்கோல் வரையன், விஷம் கிடையாது. பல்லி பிடிக்கத்தான் சுவரேறி ட்யூப்லைட் பக்கம் போயிருக்கிறது. போட்டோவை மறுபடி எடுத்துப் பார். உடம்பு காப்பிப்பொடி நிறம். வெள்ளைப் பட்டை கழுத்திலேயே தொடங்குகிறது, அங்கேதான் பளிச்சென்றும் இருக்கிறது. வால் பக்கம் போகப் போக மங்கி, கடைசியில் இல்லாமலே போய்விடுகிறது. கட்டுவிரியனுக்கு இது நேர்மாறு. எண்ணெய் தடவின மாதிரி மினுங்கும் கருநீலக் கறுப்பு. தலைக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வளையம் இருக்காது, இருந்தாலும் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். அதன் பிறகு மெல்லிய வெள்ளை வளையங்கள், பெரும்பாலும் இரண்டிரண்டாக, வால் நுனிவரை தெளிவாகப் போகும். முதுகின் நடுவில் ஓடும் ஒரு வரிசைச் செதில் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். ஆனால் அந்தச் செதில் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நீ நிற்கவே கூடாது. தோல் உரிக்கப்போகும் நேரத்தில் நிறமும் மங்கிவிடும். அதனால் வளையம் போட்ட எந்தப் பாம்பைப் பார்த்தாலும் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொள்.

நல்ல பாம்பு படம் எடுக்கும். கண்ணாடிவிரியன் குக்கர் விசில் மாதிரி சீறும். சுருட்டைவிரியன் செதிலை உரசிச் சரசரவென்று ஓசை எழுப்பும். கட்டுவிரியன் மட்டும் ராத்திரியில் சத்தமில்லாமல் வரும். எலி, பல்லி, தவளை, வேறு பாம்பு என்று இரை தேடி வீட்டுக்குள் நுழையும். தரையில் படுத்திருப்பவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிடும். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் இருக்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். எறும்பு கடித்தது என்று திரும்பப் படுத்துவிடுவார்கள். விடியும் முன் வயிற்றைப் பிசைகிற வலி, வாந்தி, தொண்டையில் வலி வரும். பிறகு கண் இமை தானாகக் கீழே விழும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சு விடும் தசைகள் நின்றுபோகும். ராத்திரி தரையில் படுத்தவர் யாராக இருந்தாலும், காரணமில்லாத வயிற்றுவலியோடு எழுந்து இமையைத் தூக்க முடியவில்லை என்றால், சோடா கொடுத்துக்கொண்டு உட்காராதே, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.

அதனால் முதல் வேலை, குழந்தையைத் தரையில் படுக்க வைக்காதே. கட்டில் சுவரை ஒட்டி இருக்க வேண்டாம், போர்வை தரையில் தொங்க வேண்டாம். மாப்பிள்ளைக்குப் பாயில்தான் தூக்கம் வரும் என்றால் கொசுவலை கட்டி, நாலு பக்கமும் பாய்க்கு அடியில் ஒரு சாண் உள்ளே செருகச் சொல். கொசுவுக்குத்தானே என்று ஓரத்தைச் சும்மா தொங்க விட்டால் பாம்புக்கு அது வாசல். ராத்திரி எழுந்தால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் காலைக் கீழே வைக்க வேண்டும்.

அடுத்தது வீட்டை அடைப்பது. எல்லாக் கதவுக்கும் அடியில் சுண்டு விரலை விட்டுப் பார். விரல் நுழைந்தால் குட்டிப் பாம்பும் நுழையும். வாசல் கதவுக்கும் பின்கதவுக்கும் அடியில் ரப்பர் பட்டை அடிக்கச் சொல். குளியலறையில் தண்ணீர் வடிகிற துளை, அதாவது நானி ட்ராப், அதன் மேல் இருக்கும் ஜாலி பிடிமானமாக இருக்கிறதா பார், பெருக்குகிறபோது எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மறப்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. கழிவுநீர்க் குழாய் வெளியே முடிகிற இடத்திலும், செப்டிக் டேங்க் காற்றுக்குழாய் முனையிலும் கம்பி வலை கட்ட வேண்டும். ஏசி குழாய்க்காகச் சுவரில் போட்ட ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடு. ஜன்னலைத் தொடுகிற முல்லைக்கொடியையும் கொய்யாக் கிளையையும் ஒரு முழம் தள்ளி வெட்டு.

பாம்பு உங்களைத் தேடி வருவதில்லை, எலியைத் தேடி வருகிறது. எலி எச்சில் சோற்றுக்கும் நாய்த் தட்டில் மிஞ்சினதற்கும் வருகிறது. வீடு கட்டி மிஞ்சின செங்கல்லும் பலகையும் காம்பவுண்டு ஓரத்தில் இன்னும் கிடப்பதாகச் சொன்னாயே, முதலில் அதை அப்புறப்படுத்துங்கள். வெறுங்கையால் வேண்டாம். பூட்ஸ் போட்டுக்கொண்டு, நீளமான கம்பியால் புரட்டிவிட்டு எடுக்க வேண்டும். அங்கே செந்தேளும் இருக்கும். பூண்டு, பினாயில், உப்பு, சிறியாநங்கைச் செடி, இவை எதுவும் பாம்பைத் தடுக்காது. தோட்டத்துக்குப் போட்ட நைலான் வலையைக் கழற்றிவிடு, சாரை அதில் சிக்கி உடம்பு அறுபட்டுச் சாகும். ஏரிக்கரை நிலத்தில் எலியைக் குறைப்பதே சாரைதான்.

ஒருவேளை கடித்துவிட்டால் கயிறு கட்டாதே. கட்டினால் ரத்த ஓட்டம் நின்று காலே அழுகலாம், அவிழ்க்கிறபோது தேங்கின விஷம் மொத்தமாக ஏறும். கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். மெட்டி, கொலுசு, மோதிரம், வளையலை உடனே கழற்று, வீங்கின பிறகு கழற்ற வராது. எலும்பு முறிவுக்குக் கட்டுகிற மாதிரி கட்டை வைத்து, இறுக்காமல், அந்தக் கையையோ காலையோ அசையாமல் வைத்துக் கட்டு. நடக்க விடாதே. வாந்தி வந்தால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வை. கடித்த மணியைக் குறித்துக்கொண்டு 108ஐக் கூப்பிடு. வலிக்கு ஆஸ்பிரினோ புரூஃபனோ கொடுக்காதே, ரத்தக்கசிவு கூடும்.

பாம்பை அடித்து எடுத்துப் போகவும் வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே முறிமருந்துதான். அரசு மருத்துவமனையில் அது இலவசம். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு போடுவார்கள், குறைக்கச் சொல்லிக் கேட்காதே. பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. அந்த மருந்து தயாரிக்க வேண்டிய விஷத்தை உங்கள் செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில்தான் பாம்பு பிடிக்கிற இருளர் பழங்குடியினர் எடுக்கிறார்கள். 1978இல் தொடங்கின கூட்டுறவுச் சங்கம் அது. எடுத்த பிறகு பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிஷம் ஆட்டாமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் கண்ணாடிவிரியன் அல்லது சுருட்டைவிரியன் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது. ஆனால் கட்டுவிரியன் கடித்திருந்தால் ரத்தம் ஒழுங்காகவே உறையும். ‘ரத்தம் நன்றாக இருக்கிறது’ என்று கேட்டதும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதே, 24 மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். செயற்கை சுவாசக் கருவி இருக்கிற இடமாக இருப்பது முக்கியம். உனக்குச் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ராத்திரியில் அவசரச் சிகிச்சைக்கு எந்த வாசல் என்று இப்போதே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மறுபடி வீட்டுக்குள் பாம்பு வந்தால் ஆறடி தள்ளி நில். ஒருவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், எங்கே போனது என்று தெரியாத பாம்புதான் தொல்லை. மற்றவர் குழந்தையை வெளியே கொண்டுபோய், அந்த அறைக் கதவைச் சாத்தி, அடியில் ஈரத் துண்டைத் திணிக்கட்டும். 101க்குச் சொன்னால் தீயணைப்புத் துறையினர் வந்து பிடிப்பார்கள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை முன்னால் போக வேண்டாம். அடிக்கப் போகும்போதுதான் பலர் கடி வாங்குகிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அடிப்பது குற்றமும்கூட.

மற்றவற்றுக்குப் பயப்படாதே. அரணை நக்கினால் மரணம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாமே, அரணைக்கு விஷமே கிடையாது. கொம்பேறி மூக்கனும் கடித்துவிட்டு மரமேறிச் சுடுகாட்டுப் புகை பார்க்காது, அதற்கும் விஷம் இல்லை. காம்பவுண்டில் வருகிற உடும்பை அதன் வழியில் போக விடு. நாயை மட்டும் கட்டி வை.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இந்த அடைப்பு வேலை முடிந்துவிட வேண்டும். ஏரி நிரம்பி வளையில் தண்ணீர் ஏறினால் எல்லாம் மேட்டுக்குத்தான் வரும், உங்கள் வீடுதான் அங்கே மேடு. நானி ட்ராப் வாயகலம் 4 அங்குலமா 5 அங்குலமா என்று டேப் வைத்து அளந்து சொல். திருகு போட்ட ஸ்டீல் ஜாலி இரண்டு வாங்கி, தம்பி வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா