சூட்டில் காந்தமாகும் படலம்

ஸ்ட்ராஸ்பர்க்,
ஜனவரி 18

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மா, அப்பா நலமா? இங்கே நல்ல குளிர். ஞாயிற்றுக்கிழமை கடைகளெல்லாம் சாத்தியிருக்கும், பாலும் காய்கறியும் சனிக்கிழமையே வாங்கி வைக்காவிட்டால் திண்டாட்டம்தான். பெரிய வெள்ளி பாரிசில் வேலை நாள், இந்த அல்சாஸ் பக்கம் விடுமுறை. ஹீட்டர் போட்ட அறையில் காற்று அவ்வளவு வறண்டிருக்கும், ஸ்வெட்டரோடு கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கும். ஆனால் இந்த வறட்சி, நாங்கள் உலோகப் படலம் படிய விடும் மக்னீசியம் ஆக்சைடு துண்டுகளுக்கு நல்லது. ஈரம் பட்டால் அவற்றின் மேற்பரப்பு ஹைட்ராக்சைடாகிக் கெட்டுவிடும்.

காந்தத்தைச் சுட்டால் காந்தம் போகும் என்றுதானே பாடம், உன் படலம் மட்டும் ஏன் தலைகீழ் என்று போனில் கேட்டாயே. அந்தப் படலம் இரும்பும் ரோடியம் என்ற உலோகமும் பாதிக்குப் பாதி கலந்தது. அறை வெப்பநிலையில் பக்கத்துப் பக்கத்து இரும்பு அணுக்களின் காந்தத் திசைகள் எதிரெதிராக நிற்பதால் மொத்தம் பூஜ்யம். சுமார் 370 கெல்வினில் எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பி, ரோடியமும் சேர்ந்துகொள்ளும், பருமன் 1 சதவீதம் போல உப்பும். பாடத்தில் படித்த கியூரி வெப்பநிலை, அதாவது சூட்டில் காந்தம் போகும் இடம், அதற்கும் மேலே, 670 கெல்வின் பக்கம். ஃபாலோ என்பவர் 1938-இல் இதைக் கண்டது இதே ஊரில்தான்.

செய்முறை எழுதுகிறேன், கவனி. துண்டை வெற்றிடத்தில் 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சுட்டு ஈரத்தை விரட்டி, அதே சூட்டில் ஸ்பட்டரிங் செய்து (அயனிகளால் மோதி உலோக அணுக்களைப் பெயர்த்து) 30 நானோமீட்டர் படிய விட வேண்டும். பிறகு 700 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் வைத்தால் இரும்பும் ரோடியமும் தத்தம் இடத்தில் ஒழுங்காக உட்காரும். உட்கார்ந்ததா என்று எக்ஸ்-கதிரில் தெரியும்: செம்பிலிருந்து வரும் எக்ஸ்-கதிரில் 30 டிகிரி கோணத்தின் பக்கம் சிறு முகடு வர வேண்டும். 62-இல் மட்டும் முகடு இருந்து 30-இல் இல்லையென்றால் அணுக்கள் கலைந்து கிடக்கின்றன, சூட்டில் காந்தமாகும் மாற்றம் வராது. ரோடியம் 48 சதவீதத்துக்குக் கீழே போனாலும் வராது, படலம் குளிரிலும் காந்தமாகவே கிடக்கும். மேலே பூசும் பிளாட்டினத்தை ஆறிய பிறகே போடு. சூட்டில் போட்டால் உள்ளே கரைந்துவிடும்.

அளவீட்டில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 4 மில்லிமீட்டர் சதுரத் துண்டு முழுவதும் காந்தமான பிறகும் 5×10⁻⁴ இஎம்யு (காந்தத் திருப்புத்திறனின் அலகு) அளவுதான் தரும். தலைமுடி பருமனுள்ள ஓர் இரும்புத் துகளும் ஏறக்குறைய அதே அளவு தரும்! எஃகு இடுக்கியால் ஒரு தடவை தொட்டால் போதும், அளப்பது படலத்தையா இடுக்கியையா என்று தெரியாது. பிளாஸ்டிக் அல்லது டைட்டானியம் இடுக்கிதான் வேண்டும். சூடேற்றும்போதும் ஆற்றும்போதும் நிமிடத்துக்கு 2 கெல்வினுக்கு மேல் வேகம் வைக்காதே. வெப்பமானி பின்தங்கி, சூடேற்றும் கோட்டுக்கும் ஆற்றும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி பொய்யாக அகன்று தெரியும். உண்மையான இடைவெளி நல்ல படலத்தில் 10 கெல்வின் போலத்தான். சந்தேகம் வந்தால் 5 டெஸ்லா புலத்தில் மறுபடி அள. மாற்றம் நடக்கும் வெப்பநிலை 40 கெல்வின் போலக் கீழே இறங்கினால் அது அசல்.

படலம் 10 நானோமீட்டருக்குக் கீழே மெலிந்தால் வேறு தொல்லை. மேற்பரப்பும் அடிப்பரப்பும் குளிரிலும் காந்தத்தை விடாது, பூஜ்யத்துக்கு இறங்க வேண்டிய கோடு பாதியில் நின்றுவிடும். படலத்துக்குப் பதில் இதே கலவையை நானோ துகளாகச் செய்தால் இன்னும் மோசம். 3 நானோமீட்டர் துகளில் பத்துக்கு நாலு அணு மேற்பரப்பில்தான் இருக்கும். லியோனில் இப்படிப்பட்ட துகள்களைக் கார்பனுக்குள் புதைத்துச் சுட்டார்கள். புதைக்காமல் சுட்டால் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிடும். அணுக்கள் ஒழுங்காகத்தான் அமைந்தன, ஆனாலும் சில கெல்வின் வரை குளிர்வித்தும் காந்தம் போகவில்லை. அணு ஒழுங்கு மட்டும் போதாது, அளவும் சரியாக இருக்க வேண்டும் என்று அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

உன் கல்லூரியில் விஎஸ்எம் (மாதிரியை அதிரவைத்துக் காந்தத்தை அளக்கும் கருவி) கிடைத்தால் முதலில் வெறும் மக்னீசியம் ஆக்சைடு துண்டை அளந்து, வரைபடத்தை அனுப்பு. அதில் எதிர்ச்சரிவுள்ள நேர்கோடு மட்டுமே வர வேண்டும். நடுவில் வளைந்தால் இடுக்கியை மாற்று.

அன்புடன்,
அக்கா