வரலாற்று வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் ஐயா அவர்களுக்கும், பொருளாளர் அம்மா அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு ஐந்து முறை கூடியது. இரண்டு முறை, கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர்கள் வராததால் ஒத்திவைக்கப்பட்டது. பொங்கல் விழா மாட்டுங்காவில் வழக்கம்போல் நடந்தது. மறைந்த மூத்த உறுப்பினர்கள் இருவருக்கு அஞ்சலி செலுத்தினோம். புத்தக அலமாரிக்குப் புதுப் பூட்டு வாங்கப்பட்டது.

இந்த ஆண்டுக்கான பொருளாக, மும்பை யூதர்களையும் அவர்களைத் தாங்கி நிற்கும் அறக்கொடைகளையும் முன்மொழிந்தவன் நான். தமிழர்களாகிய நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டார்கள். நாமும் பிழைக்க வந்து இந்த ஊரில் வேர் விட்டவர்கள்தாம். சில ஆயிரம் பேரே மிஞ்சியிருக்கும் ஒரு சமூகம் தன் ஜெப ஆலயங்களையும் முதியவர்களையும் எப்படிக் காப்பாற்றி வருகிறது என்பது நமக்குத் தெரிய வேண்டாமா? அன்று சொன்ன அதே பதிலைப் பதிவேட்டுக்காக இங்கும் எழுதுகிறேன்.

முதல் நிகழ்ச்சி, மும்பையின் பைக்குலா பகுதியில் தொடங்கிய ஜெப ஆலய நடை. பாக்தாதிலிருந்து வந்த யூத வணிகர் டேவிட் சசூன் கட்டிய மாகேன் டேவிட் ஆலயம், 1864. அதே வளாகத்தில் சசூன் பெயரில் இருக்கும் பள்ளியில் இன்று படிப்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பிள்ளைகள். கொடுத்தவர் குடும்பம் ஊரை விட்டுப் போய் எத்தனையோ காலமாகியும் அவர் வைத்த பணம் இன்னும் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது. அங்கிருந்து கோட்டைப் பகுதிக்குப் போய், டேவிடின் பேரன் ஜேக்கப் சசூன் 1884இல் கட்டிய கெனெசெத் எலியாஹூ ஆலயத்தைப் பார்த்தோம். தாய் லேயாவின் பெயரில் ஹாங்காங்கிலும், மனைவி ரேச்சலின் பெயரில் ஷாங்காயிலும் ஆலயங்கள் எழக் கொடை தந்தவரும் இவரே. கோட்டை ஆலயம் 2019இல் புதுப்பிக்கப்பட்டபோது யூதரல்லாதவர்களும் பணம் தந்தார்கள்.

நடைக்குப் பெயர் கொடுத்தவர்கள் முப்பத்தொருவர். வந்தவர்கள் ஒன்பது பேர். பாதுகாப்புக்காக வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் மூன்று முறை எழுதியிருந்தேன். ஆனாலும் இருவர் கொண்டு வரவில்லை. அதில் ஒருவர் எழுபது வயதைத் தாண்டியவர். தாராவியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். நாங்கள் உள்ளே இருந்த நேரமெல்லாம் எதிர்ப்பக்க டீக்கடை பெஞ்சில், மடித்த நாளிதழைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் ஜன்னல் கண்ணாடி எப்படி இருந்தது என்றுதான் முதலில் கேட்டார். அன்று முழுக்க எனக்கு மனசு ஆறவில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி, ‘ஜாயின்ட்’ என்று உலகமெங்கும் யூதர்கள் சுருக்கமாகச் சொல்லும் அமெரிக்க நிதி அமைப்பைப் பற்றி நான் ஆற்றிய உரை. 1914இல் ஓட்டோமான் பேரரசுக்கான அமெரிக்கத் தூதர் ஹென்றி மோர்கென்தாவ், பாலஸ்தீன யூதர்களின் பசி தீர 50,000 டாலர் வேண்டும் என்று நியூயார்க்குக்குத் தந்தி அடித்தார். பணம் சீக்கிரமே திரண்டது. முதல் உலகப் போர் பரவப் பரவ, ஆசாரவாதிகள் ஒரு குழுவாகவும், வசதி படைத்தவர்கள் இன்னொரு குழுவாகவும், மறு ஆண்டில் தொழிலாளர்கள் மூன்றாவது குழுவாகவும் வசூலித்தார்கள். ஒருவர் போக்கு மற்றவருக்குப் பிடிக்காது. ஆனால் பகிர்ந்து கொடுப்பதை மட்டும் சேர்ந்தே செய்தார்கள். ‘ஜாயின்ட்’ (கூட்டு) என்ற பெயரே அப்படி வந்ததுதான். தையல் கூடத்துத் தொழிலாளி போட்ட காசும் வங்கி முதலாளியின் காசோலையும் ஒரே பெட்டிக்குள் போயின. 1960களிலிருந்து அந்த அமைப்பு மும்பையிலும் வேலை செய்கிறது. கொங்கணத்தில் எண்ணெய்ச் செக்காட்டி, யூதர்களின் ஓய்வு நாளான சனிக்கிழமை ஓய்ந்திருந்ததால் ‘சனிவார் தேலி’ (சனிக்கிழமை எண்ணெய்க்காரர்) எனப்பட்ட பெனே இஸ்ரேல் என்ற யூதச் சமூகத்தில், ஆதரவற்ற முதியவர்களுக்கு அதன் உதவி போய்ச் சேர்கிறது. உரை கேட்க வந்தவர்கள் பதினொரு பேர்.

சந்தா விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு முந்நூறு ரூபாய். பாதிப் பேருக்கு மேல் கட்டவில்லை. சிலருக்கு இது மூன்றாவது ஆண்டுப் பாக்கி. முடியாதவர்களிடம் நாங்கள் கேட்பதே இல்லை. கட்ட முடிந்தும் கட்டாதவர்களைத்தான் சொல்கிறேன். எங்கிருந்தாவது நன்கொடை வாங்கலாமே என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யோசனை வருகிறது. வெளிக் கொடையாளர் முதலில் கேட்பது உங்கள் உறுப்பினர்கள் எவ்வளவு போட்டார்கள் என்பதைத்தான். இரண்டு விண்ணப்பங்களில் அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாமல் கீழே வைத்தேன்.

வரவு செலவு ஏறக்குறைய சரியாக நிற்கிறது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. மண்டப வாடகையிலும் ஜெராக்ஸ் செலவிலும் ஒரு பகுதியை நான் கையிலிருந்து போட்டிருக்கிறேன். வவுச்சர்கள் கோப்பில் இருக்கின்றன.

தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், மண்டபம் தந்தவர்கள், தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் அணி அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு புனே போக ஆசை. டேவிட் சசூனின் கல்லறை அங்கே, ஊரார் லால் தேவள் என்றழைக்கும் செங்கல் ஆலயத்தின் அருகில் இருக்கிறது. பஸ்ஸுக்கு முன்பணம் கட்டியாக வேண்டும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் தன் பங்கை இன்று காலையே கொடுத்துவிட்டார். ரசீதுப் புத்தகம் வாசலில் பொருளாளர் அம்மாவிடம் இருக்கிறது; கூட்டம் முடிந்து அரை மணி நேரம் அவர் அங்கேயே இருப்பார்.