சூடுதான் என்று எழுதியிருந்தாயே

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. பேத்தியின் காதுகுத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் 'இமை ஓரமெல்லாம் ஒரே அரிப்பு, காலையில் கண் ஒட்டிக்கொள்கிறது, எல்லாம் சூடுதான்' என்று போகிறபோக்கில் ஒரு வரி. எனக்கு அதுதான் மனதில் நின்றது. நானும் ஆறு மாதம் சூடு என்றே சொல்லிக்கொண்டு இளநீராகக் குடித்தவன். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் வேறு. அரிப்பு அசையவில்லை.

அப்புறம் செய்ததுதான் முட்டாள்தனம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஓர் ஆயின்மென்ட் வாங்கித் தடவினேன். இரண்டே நாளில் சுகம். நிறுத்தினால் திரும்ப வரும், திரும்பத் தடவுவேன். அதில் இருந்தது ஸ்டீராய்டு. இப்படியே போட்டால் கண் அழுத்தம் ஏறும், புரையும் வரலாம் என்று கண் டாக்டர் சொன்னபோது வயிற்றைக் கலக்கியது.

அவர் என் முகவாயை மிஷினில் வைக்கச் சொல்லி, விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "தலையில் பொடுகு உண்டா?" இமை முடியின் அடியில் செதில் செதிலாக ஒட்டியிருந்ததாம். பிளெஃபரைடிஸ், அதாவது இமை ஓர அழற்சி என்றார். முடிக்குப் பின்னால் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள், மேல் இமையில் மட்டும் முப்பது சொச்சம். 1666லேயே மைபோம் என்ற ஜெர்மன் டாக்டர் இவற்றை விவரித்து எழுதிவிட்டாராம்; எனக்குத் தெரிய இவ்வளவு வயதாகியிருக்கிறது. அந்த எண்ணெய்தான் கண்ணீர் உலர்ந்து போகாமல் காப்பது. அது உறைந்த நெய்யாட்டம் அடைத்துக்கொண்டால் உறுத்தல், அரிப்பு, சிலருக்குக் கண்கட்டி.

நெய்யை உருக்க என்ன செய்வோம்? நான் பழி போட்ட சூடுதான் மருந்து. சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்மேல் ஐந்து, பத்து நிமிடம். துணி சீக்கிரம் ஆறிவிடும், மறுபடி மறுபடி நனைக்க வேண்டும். அப்புறம் மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மெல்ல நீவிவிடு. கொஞ்சம் வெந்நீரில் சில சொட்டு பேபி ஷாம்பூ கலந்து, பஞ்சால் முடியின் அடியைத் துடை. காலையும் மாலையும் செய்தேன். சில வாரத்தில் அடங்கியது. தங்கை மகள் கல்யாண அலைச்சலில் பத்து நாள் விட்டேன், திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. பல் விளக்குகிற மாதிரி இதுவும் தினப்படி வேலைதான்.

ஆனால் உனக்கு இது இல்லாமலும் இருக்கலாம். காதுகுத்துக்கு மீசைக்கு டை அடித்திருப்பாயே? இமைத்தோல் உடம்பிலேயே மெல்லியது. டை ஒவ்வாமை சிலருக்குத் தலையை விட்டுவிட்டு இமையில்தான் காட்டும். அடித்த ஒன்றிரண்டு நாளில் அரிப்பு கூடுகிறதா என்று கவனி. அதற்கு ஒத்தடம் உதவாது, டையை விட வேண்டும். கண் வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ என் கடிதத்தை நம்பி உட்காராமல் அன்றே டாக்டரிடம் போ. இதைத் தங்கச்சியிடமும் படித்துக் காட்டு. நீ போக மாட்டாய், அவள் இழுத்துப் போவாள்.

காதுகுத்துப் படம் ஒன்று அனுப்பு. பேத்தியையும் பார்க்கலாம், உன் மீசை கறுப்பா வெளுப்பா என்றும் தெரியும்.

உன்
மாப்ளே