பதிவு செய்த பாராட்டு எங்களுக்கு வேண்டாம்

மதிப்பிற்குரிய மைய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். டவுன் சிண்ட்ரோம் என்னும் பிறவி மரபணு நிலை உள்ள பெரியவர்களுக்காகக் காணொளி வழியே மாலையில் நடத்திவந்த உடற்பயிற்சி வகுப்பை நிறுத்திவிட்டீர்கள். அதற்குப் பதிலாகப் பதிவு செய்த காணொளிகள் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகின்றன. 'இனி எந்த நேரத்திலும் செய்துகொள்ளலாம்' என்று ஒரு குறிப்பு வேறு. இந்த வசதியை உங்களிடம் கேட்டது யார் என்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

என் தம்பிக்கு 36 வயது. வகுப்புக்கு அரை மணி முன்பே ஷூ மாட்டிக்கொண்டு கைப்பேசி முன் உட்கார்ந்துவிடுவான். இப்போதும் உட்காருகிறான். காணொளியில் மாஸ்டர் வணக்கம் சொன்னதும் இவனும் கைகூப்பிவிட்டு, தன் பெயரைக் கூப்பிடுவார் என்று நிற்கிறான். மாஸ்டர் அதற்குள் பத்து வரை எண்ணி அடுத்த பயிற்சிக்குப் போய்விடுகிறார். கடைசியில் 'சபாஷ், எல்லாரும் அருமையாகச் செய்தீர்கள்' என்கிறார். கையைக்கூடத் தூக்காமல் நின்றவனுக்குச் சபாஷ்! அவன் திரும்பி என்னைப் பார்க்கிறான். நான் என்ன சொல்லட்டும்?

உங்களுக்குத் தெரியாததையா சொல்லப்போகிறேன்? இவர்களுக்குத் தசைகள் தளர்ந்தவை, மூட்டுகள் அளவுக்கு மீறி வளைபவை. சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகளுக்கிடையே உறுதி போதாது. தலையை வெடுக்கென்று மடக்கினால் தண்டுவடத்துக்கே ஆபத்து. இதயத்துடிப்பும் மற்றவர்களுக்கு ஏறும் அளவுக்கு ஏறாது என்பதால், உடற்பயிற்சியில் உச்சத் துடிப்பைக் கணிக்க 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கு இவர்களிடம் செல்லாது. நேரலையில் மாஸ்டர் தம்பியின் முகத்தைப் பார்த்தே 'போதும், உட்கார்' என்பார். பதிவு யார் முகத்தைப் பார்க்கும்?

அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தினர் இதே போன்றவர்களை அவரவர் வீட்டிலிருந்தே காணொளிக் குழுவாகச் சேர்த்து, வகுப்புக்கு 30 நிமிடம் என்று 12 வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அங்கும் பயிற்சியாளர் நேரலையில்தான் இருந்தார். நேரலை வகுப்பைத் திரும்பத் தொடங்குங்கள் என்று நாங்கள் கேட்பது ஆடம்பரம் இல்லை.

'நேரில் அழைத்து வரலாமே' என்றார் அலுவலகத்தில் ஒருவர். பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, முழங்கால் தேய்ந்த அம்மா, பஸ் மாறி மாறி அவனை அழைத்து வர வேண்டுமாம். வரலாம்தான். போய்ச் சேர்வதற்குள் அம்மாவின் உடற்பயிற்சி முடிந்துவிடும்.

உலக டவுன் சிண்ட்ரோம் நாளான மார்ச் 21 வந்தால் மட்டும் எல்லோருக்கும் இவர்கள் நினைவு வருகிறது. காலுக்கொரு நிறத்தில் சாக்ஸ், மேடை, பொன்னாடை, 'தெய்வக் குழந்தைகள்' என்று ஓர் உரை. மீசை வைத்த தெய்வக் குழந்தைக்குத் தைராய்டு கோளாறு வருவதையும் எடை கூடுவதையும் பற்றி அந்த மேடையில் பேச்சே இல்லை. நாற்பதுகளிலேயே அல்சைமர் அறிகுறிகள் தென்படலாம் என்பதையும் யாரும் சொல்வதில்லை. பள்ளிப் பருவம் முடிந்ததும் போக்கிடமும் முடிந்துவிடுகிறது. விளையாட்டில் மாற்றுத்திறனாளிகள் பங்கேற்க அரசு வழிசெய்ய வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 30-ஆவது பிரிவு சொல்கிறது. காகிதத்தில் எங்கள் பிள்ளைகள் நன்றாகத்தான் ஓடுகிறார்கள்.

இந்தக் கோபம் முழுவதும் உங்களுக்கானது இல்லை. யாருமே எட்டிப் பார்க்காத காலத்தில் வகுப்பைத் தொடங்கியவர்கள் நீங்கள்தான். அதனால்தான் உங்களிடமே கேட்கிறோம்: நேரலை வகுப்பைத் திரும்பத் தொடங்குங்கள். வாரம் இரண்டு மாலை, ஒரு குழுவில் எட்டுப் பத்துப் பேர் போதும். மாஸ்டரின் சம்பளம்தான் சிக்கல் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். கட்டணம் பற்றிப் பேச முடிந்தவர்கள் தயார். முடியாத குடும்பங்களை அதற்காகக் கழித்துவிடாதீர்கள். பதிவுகளும் இருக்கட்டும், மாஸ்டர் விடுப்பு எடுக்கும் நாளுக்கு உதவும்.

முடிவை இன்னொரு வாட்ஸ்அப் குறிப்பாக அனுப்பாமல், குடும்பத்தினரைக் கூட்டி, எங்களையும் கேட்டு எடுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாலை வகுப்பு மாணவர் ஒருவரின் அக்கா