பேப்பர்ல உன் பேரு எங்க வருதுன்னு கேளு

அன்புள்ள கயலு,

நேத்து போன்லயே சொல்லியிருப்பேன், நீ "சரிப்பா சரிப்பா"ன்னு வச்சிடுவ, அதான் கடைல ஆள் இல்லாத நேரத்துல டைப் பண்றேன், பொறுமையா படி.

உன் பிஎச்டிக்காக காடாம்புலியூர் பக்கம் முந்திரி உடைக்கிற பொம்பளைங்கள தேடித்தேடி போய் பேசினது நீ. அந்த எண்ணெ பட்டு கை கருத்துப்போன அக்காங்க கூலி கணக்க யார்கிட்டயும் லேசுல சொல்லமாட்டாங்க, உங்கிட்ட சொன்னாங்கன்னா நீ அவங்க திண்ணைல உக்காந்து பேசினதாலதான். எக்செல்ல ஏத்துனது நீ, எஸ்பிஎஸ்எஸ் சாஃப்ட்வேர்ல கணக்கு ஓட்டுனது நீ, மொத டிராஃப்டும் நீ. இப்ப அந்த ஆராய்ச்சி பேப்பர ஜர்னலுக்கு அனுப்புறப்ப உன் பேரு மூணாவதாம், நடுவுல ஒருத்தர், அவரு அந்த கேள்வித்தாள கண்ணால கூட பாக்கலன்னு நீயே சொல்ற.

கைடு பேரு இருக்கறத நான் குறை சொல்லல. தலைப்ப செதுக்குனாரு, எந்த தியரில நிக்கணும்னு காட்டுனாரு, அது பெரிய வேல. ஆனா நடுவுல இருக்கறவரு என்ன பண்ணாரு? நீ ஒருமுறை காட்டுனியே, கிரெடிட்னு ஒரு பட்டியல், டேட்டா சேக்கறது, அனலிசிஸ், எழுதறது, மேற்பார்வைன்னு 14 வேலை பிரிச்சு யார் எத செஞ்சாங்கன்னு போடறது, நெறைய ஜர்னல் இப்ப அத கேக்குதுன்னு. அத எடுத்து ரொப்பி கைடுக்கு மெயில் பண்ணு. வாய்ல கேக்காத, மெயில்ல கேளு, மரியாதையா ரெண்டு வரில, "சார், ஆர்டர் இப்படி வச்சுக்கலாமா"ன்னு. சப்மிட் பண்றதுக்கு முன்னாடியே கேக்கணும், அப்பறம் மாத்தறதுன்னா எல்லாரும் கையெழுத்து போடணும், ஜர்னல்காரன் காரணம் கேப்பான். ஃபைனான்ஸ்னா பெரும்பாலும் அகர வரிசைல போட்டுடறாங்க, அங்க முன்ன பின்ன பெருசா தெரியாது. உன்னோடது மேனேஜ்மென்ட், அங்க மொத பேரத்தான் பாப்பான், நாளைக்கு வேலைக்கு போற எடத்துலயும் அதத்தான் எண்ணுவான்.

மஞ்சக்குப்பத்துல பைண்டிங் போடற எனக்கு எதுக்கு இதெல்லாம்னு நீ சிரிப்ப. எத்தன எம்பிஏ ப்ராஜெக்ட் இந்த கையால தச்சிருக்கேன், கருப்பு ரெக்சின், தங்க எழுத்து. பாதி போன வருசத்து ரிப்போர்ட்டுதான், கம்பெனி பேரு மட்டும் மாறியிருக்கும். ஆனா நடுநடுவுல ஒண்ணு வரும் பாரு, சிப்காட் பக்கம் உண்மையா அலைஞ்சு எழுதுன பசங்களோடது, அது அப்படியே லைப்ரரி அலமாரிக்கு போய் செத்துடும், யாரும் ஒரு பேப்பரா மாத்தித் தரமாட்டாங்க. இல்லன்னா வேற பேர்ல மாறிடும். காலேஜுக்கு ரேங்க் வேணும், என்ஐஆர்எஃப்ங்கற மத்திய அரசு ரேங்க் பட்டியல்ல பேப்பர் எண்ணிக்கைக்கும் மார்க் இருக்கு, ஓடறது பசங்க.

ஃபைனான்ஸ் தீசிஸ் எது வந்தாலும் கடைசி பக்கங்கள்ல மார்க்கோவிட்ஸ் 1952ன்னு ஒரு வரி இருக்கும், யாருடா இவருன்னு ஒரு ஸ்காலர்கிட்ட கேட்டேன். முதலீட்ட எப்படி பிரிச்சு போடறதுன்னு அவரு எழுதுன பேப்பராம், ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ்ல அது வந்தப்ப அவருக்கு வயசு 24, சிகாகோல பிஎச்டி பட்டம் கூட இன்னும் கைல வரல. 1990ல அதுக்குத்தான் நோபல். அந்த பேப்பர்ல தனியா அவரு பேரு மட்டும்தான்.

இன்னொண்ணு. பணம் கட்டுனா சீக்கிரம் போட்டுத்தர்றோம்னு மெசேஜ் வருதுன்னியே, அந்த பக்கமே போகாத. யுனிவர்சிட்டிகளுக்கு ரூல் போடற யூஜிசி, தானே வச்சிருந்த ஜர்னல் லிஸ்ட்லேர்ந்து 2018 மே மாசம் 4,305 ஜர்னல தூக்குச்சு, அதுல காசு கட்டி போட்டவன் நெலமய யோசி. அப்பறம் நல்ல ஜர்னல்னு யூஜிசி கொண்டு வந்த கேர் லிஸ்ட்டயும் 2025ல நிறுத்திட்டாங்க, இப்ப நல்லது கெட்டது நாமதான் பாத்துக்கணும். 2022 ரூல்ல யூஜிசி தீசிஸுக்கு முன்னாடி பேப்பர் கட்டாயம்ங்கறதயே எடுத்துடுச்சு, ஆனா உன் யுனிவர்சிட்டி தனியா கேக்குதான்னு ஆபீஸ்ல எழுத்துல வாங்கிக்க. அவசரம் இல்லன்னா நல்ல ஜர்னலா பாத்து அனுப்பு, ரிஜெக்ட் ஆனாலும் ரிவியூவர் சொல்றது பாடம்தான், அதுவும் மொத வாரமே திருப்பி அனுப்புனா மனசு உடையாத.

மெயில் அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு காப்பி போடு, உன் இங்கிலீஷ் எனக்கு பாதிதான் புரியும், ஆனா கோவம் தெரியுதான்னு பாத்து சொல்றேன்.

அம்மா கேக்கறா, தீபாவளிக்கு வர்றியா இல்ல ரிவிஷன்னு சொல்லி தப்பிக்கப் போறியான்னு.

அப்பா