எந்த ஊரில் வைக்கப் போகிறீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாகங்களை நாமே பார்த்து வாங்கி டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிராசஸருக்கு இவ்வளவு, கிராபிக்ஸ் கார்டுக்கு இவ்வளவு என்று பட்ஜெட்டைப் பிரித்துக் காட்டியது பலருக்கு உதவும். ஆனால் கம்ப்யூட்டருக்குள் கரன்டை மாற்றிக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குக் கடைசியில் ஒரே ஒரு வரி. யு.பி.எஸ். பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு எங்கள் மலையிலிருந்து கோவைக்குப் பஸ் ஏறும் பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கோத்தகிரியில் 22 வருடங்களாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, ஹெத்தையம்மன் பண்டிகை நோட்டீஸ், பச்சைத் தேயிலைக் கணக்கு, மாணவர்களின் புராஜெக்ட் என்று எல்லாம் என் கடை மேஜையைத் தாண்டித்தான் போகும். எங்களுக்குக் கம்ப்யூட்டர் பழுதானால் பக்கத்துத் தெருவில் போய் மாற்றிவிட முடியாது. பெரும்பாலான பாகங்களுக்கு சர்வீஸ் சென்டர் கோவையில்தான். போக ஒரு நாள், திரும்ப வாங்கிவர ஒரு நாள். இரண்டு நாளும் கடை பூட்டு.

2019 ஏப்ரல் மாதம், கோடை மழை. மதியம் மூன்று மணி இருக்கும். இடி கிட்டத்தில் கேட்டதும் மெயினை அணைத்தேன், பிளக்கையும் பிடுங்கினேன். பக்கத்துக் கடையோடு இன்டர்நெட் பங்கிட்டுக்கொள்ளக் கூரைமேல் இழுத்திருந்த லேன் கேபிளை மட்டும் மறந்துவிட்டேன். அடுத்த இடிக்கு மேஜைக்கு அடியில் ‘பட்’டென்று ஒரு சத்தம். பிறகு கருகல் வாடை. பெட்டியைத் திறந்து பார்த்தால், லேன் போர்ட்டை ஒட்டியிருந்த சுண்டுவிரல் நகம் அளவு சிப் நடுவில் பிளந்து கிடந்தது. மதர்போர்டு போனது, ஹார்டு டிஸ்க்கும் போனது. அதில் ஒரு ஹட்டியின் (படகர் ஊர்) ஐந்து வருடக் கோயில் வரிக் கணக்கு இருந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் பழைய ரசீதுக் கட்டுகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பதினாறு ராத்திரி உட்கார்ந்து அத்தனையையும் மறுபடி அடித்தேன்.

அன்று ஒரு செகண்ட் ஹேண்ட் போர்டு போட்டு அந்த மெஷினை ஓட்டினேன். 2014-ல் வாங்கிய நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசஸர் அதில். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்றது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். இரண்டும் என்னிடம் இல்லை. எனவே புது மெஷின். இந்த முறை பட்டியலைத் தலைகீழாகப் போட்டேன்.

முதலில் எர்த். எங்கள் மண்ணில் நாலடி தோண்டினால் பாறை. மழைக்காலத்தில் ஈரம் இருப்பதால் சமாளிக்கலாம். பனி முடிந்து பிப்ரவரி, மார்ச்சில் மண் காய்ந்துவிட்டால் எர்த் பேருக்குத்தான். அப்போது கம்ப்யூட்டரின் பின்பக்கத்து ஸ்குருவில் புறங்கை பட்டால் எறும்பு ஊர்வதுபோல் விறுவிறுக்கும், டெஸ்டர் வைத்தால் மினுக்கென்று எரியும். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் மின் இரைச்சலை எர்த்துக்கு வடிக்க இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் உண்டு. வடிய வழியில்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அந்த இரும்புப் பெட்டியில் நிற்கும். ஆளை அடித்துப் போடும் அளவுக்குக் கரன்ட் அதில் இல்லை. ஆனால் பிரின்டரையோ பென் டிரைவையோ சொருகும்போது போர்ட் போகும். என் கடையில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் 41 வோல்ட் காட்டியது. எலக்ட்ரீஷியன் அண்ணா வாசலில் தோண்டிப் பாறையில் முட்டி, பின்பக்கம் பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் குழி எடுத்து, கரியும் உப்பும் கொட்டி ஜி.ஐ. பைப்பை இறக்கினார். இப்போது 2 வோல்ட்டுக்குள் நிற்கிறது. பிராசஸர் வாங்குவதற்கு முன்பே இதற்குப் பணம் கொடுத்தேன்.

அடுத்தது கரன்ட். பைக்காராவில் 1932-லேயே மின்சாரம் எடுத்த மாவட்டம் எங்களுடையது. ஆனாலும் தென்மேற்குப் பருவக்காற்றில் ஒரு சில்வர் ஓக் கிளை கம்பியில் சாய்ந்தால் போதும், போகும், வரும், மங்கும், மறுபடி போகும். கோவைக் கடையில் கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ். போதும் என்றார்கள். அதன்மேல் 450 வாட்ஸ் என்று அச்சடித்திருந்தது. கையில் தூக்கினால் காலி டப்பாபோல் கனமே இல்லை. அதை வேண்டாம் என்று சொல்லி, ‘80 பிளஸ் பிரான்ஸ்’ (Bronze) என்ற மின்சிக்கனச் சான்றுள்ள 550 வாட்ஸ் ஒன்றைத் தனியாக வாங்கினேன். யு.பி.எஸ்.ஸில் 600 வி.ஏ. என்று போட்டிருந்தால் அது 600 வாட்ஸ் தரும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் 360 வாட்ஸ்தான். பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்ட மெஷினை அதில் மாட்டினால் கரன்ட் போன நொடியே அதுவும் அணைந்துவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் அது சைன் வேவ்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டருக்கு மாறும்போது நல்ல எஸ்.எம்.பி.எஸ்.கூடச் சில சமயம் நின்றுபோகிறது.

பிராசஸர் விஷயத்தில் ஒரே ஒரு எழுத்தைச் சொல்ல வேண்டும். உங்கள் கட்டுரை விலை குறைவு என்று ஐ5 12400எஃப்-ஐச் சொல்லியிருந்தது. அந்த ‘எஃப்’ இருந்தால் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு போட்டால்தான் திரையில் படம் வரும். கார்டு பழுதாகிக் கோவைக்குப் போனால், திரும்பி வரும்வரை முழு மெஷினும் குருடு. அதனால் எஃப் இல்லாத 12400 வாங்கினேன். பத்திரிகை டிசைனுக்கு அது தாராளம். மகனோ மகளோ வீடியோ எடிட்டிங் படிக்கிறார்கள் என்றால் கார்டைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். 2025 கடைசியில் ரேம் விலை கிடுகிடுவென ஏறிவிட்டதால் 8 ஜி.பி. இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். ஒன்று போனாலும் இன்னொன்றில் ஓடும். எஸ்.எஸ்.டி. 500 ஜி.பி., காப்பிக்கு ஒரு ஹார்டு டிஸ்க், இன்னொரு காப்பி வீட்டு பீரோவில்.

கடைத் தம்பி லிக்விட் கூலரும் கலர் விளக்கும் கண்ணாடிக் கதவும் காட்டினார். எங்கள் ஆறாயிரம் அடியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் கொஞ்சம் குறைவாகத்தான் சூட்டைக் கொண்டுபோகும். அறையின் குளிரே அதை ஈடுகட்டிவிடுகிறது, கூடவே வரும் சாதாரண ஃபேன் போதும். எனக்குப் பயம் சூடு இல்லை, ஈரம். மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து மேஜைமேல் படுக்கும் ஊர் இது. ஒரு டிசம்பர் காலையில் பழைய மெஷின் மூன்று தடவை கத்திவிட்டு நின்றுவிட்டது. ரேமைக் கழற்றினால் பொன் நிறப் பற்களில் கருப்பாகப் படிந்திருந்தது. மகளின் ஸ்கூல் ரப்பரை எடுத்து மெதுவாகத் தேய்த்தேன், பளிச்சென்று ஆனது, மெஷினும் எழுந்தது. அதிலிருந்து மழை மாதங்களில் கடைக்கு விடுமுறை என்றாலும் தினம் ஒரு மணி நேரமாவது ஓடவிடுகிறேன். ஓடும் மெஷின் உள்ளே காய்ந்திருக்கும். கேபினெட்டின் பின்னால் இருக்கும் தகட்டு மூடிகள் ஒன்றுகூட விடாமல் இருக்க வேண்டும். கதகதப்புக்கு எலி வந்துவிடும், என் கடையிலேயே கூடு கட்டியிருக்கிறது.

கோவையில் மூன்று கடை ஏறி இறங்கினேன். என்ன வேலைக்கு, எவ்வளவு பட்ஜெட் என்று மூவரும் கேட்டார்கள். எந்த ஊரில் வைக்கப் போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. உங்கள் கட்டுரையும் கேட்கவில்லை. கொடைக்கானலிலும் வால்பாறையிலும் இருப்பவர்களுக்கும் இதே கதைதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள்: அடுத்த முறை பட்டியல் போடும்போது எர்த், யு.பி.எஸ்., எஸ்.எம்.பி.எஸ். மூன்றையும் மேல் வரிசையில் போடுங்கள். அதை ஏப்ரல் தொடக்கத்திலேயே வெளியிட்டால் நல்லது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்புவதும், இங்கே இடி இறங்கத் தொடங்குவதும் அந்த மாதத்தில்தான். லேன் கேபிளையும் கழற்றி வைக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்