மஞ்சள் பூத்த முகப்பு விளக்கும் பற்பசையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மஞ்சள் பூத்து மங்கிய கார் முகப்பு விளக்குகளைப் பற்பசையால் தேய்த்துக் கழுவினால் பத்தே நிமிடத்தில் புதியது போலாகிவிடும் என்று தங்கள் இதழின் குறிப்புகள் பகுதியில் படித்தேன். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதியில் நின்றுவிட்ட குறிப்பு அது. மீதிப் பாதியை அறியாமல் அதன்படி செய்பவருடைய விளக்குகள் சில மாதங்களுக்குள் முன்னைக் காட்டிலும் மோசமாகிவிடக்கூடும் என்பதைப் பட்டு அறிந்தவன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் காருக்கு ஏழு வயதானபோது இதே யோசனையைக் கேள்விப்பட்டு, பழைய பனியன் துணியில் பற்பசையைத் தடவி அரை மணி நேரம் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். வெள்ளைப் பசை மெல்லப் பழுப்பேறிக்கொண்டு வந்ததும், தண்ணீர் ஊற்றிக் கழுவியவுடன் உள்ளே இருக்கும் பல்பு பளிச்சென்று தெரிந்ததும் எனக்கு ஏற்படுத்திய உற்சாகத்தில், அடுத்த வீட்டுக்காரரின் காரையும் நானே வலியச் சென்று தேய்த்துக் கொடுத்தேன். மூன்று மாதம் முடிவதற்குள் இரண்டு கார்களின் விளக்குகளிலும் மஞ்சள் திரும்பிவிட்டது. முன்பு மேல் விளிம்பில் மட்டும் திட்டாக இருந்தது, இம்முறை முகம் முழுவதும் ஒரே சீராகப் படர்ந்திருந்தது. அவர் இன்றும் என்னோடு பேசுகிறார் என்றால் அது அவருடைய பெருந்தன்மை.

ஏன் இப்படி ஆகிறது என்பதை அறிய, அந்த மஞ்சள் எது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பலரும் நினைப்பது போல அது படிந்த அழுக்கு அன்று. பேச்சு வழக்கில் விளக்கின் கண்ணாடி என்று நாம் சொன்னாலும், இன்றைய கார்களில் அது பெரும்பாலும் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். 1953-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெலும், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் டேனியல் ஃபாக்ஸும் ஒருவரை அறியாமல் ஒருவர் கண்டுபிடித்த பொருள் அது. எடை குறைவு, கல் பட்டாலும் எளிதில் உடையாது, வேண்டிய வளைவுகளில் வார்க்கலாம் என்ற காரணங்களால் 1980-களிலிருந்து கார் விளக்குகளில் கண்ணாடியின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. பல விளக்குகளின் முகத்தில் பொடி எழுத்தில் பி.எல். என்று அச்சாகியிருப்பதை உற்றுப் பார்த்தால் காணலாம். முகப்பு பிளாஸ்டிக்கால் ஆனது என்பதற்கான குறி அதுதான்.

பாலிகார்பனேட்டுக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று, மேற்பரப்பு மென்மையானது, எளிதில் கீறல் விழும். மற்றொன்று, வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் அதன் மூலக்கூறுப் பிணைப்புகள் அறுந்து, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து வேறு சேர்மங்களாக மாறும். அச்சேர்மங்கள் ஒளியின் நீலப் பகுதியை விழுங்கிவிடுவதால் எஞ்சியது நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. இவ்விரண்டையும் தடுப்பதற்காகவே தொழிற்சாலையில் ஒவ்வொரு விளக்கின் மேலும் சில மைக்ரான் தடிமனே உள்ள கடினமான பூச்சு ஒன்றை இட்டு அனுப்புகிறார்கள். வெயிலும் மணல் துகளும் முரட்டுத் துணியும் ஆண்டுக்கணக்கில் அந்தப் பூச்சைத் தின்றுவிட்ட பிறகே பிளாஸ்டிக்குக்கு நோய் வருகிறது. வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும் மேல் பகுதி எப்போதும் முதலில் கெடுவதும், தினமும் ஒரே பக்கம் வெயில் படும்படி நிறுத்தப்படும் காரில் ஒரு விளக்கு மட்டும் முந்திக்கொண்டு மஞ்சளாவதும் இதனால்தான்.

இப்போது பற்பசைக்கு வருவோம். அதில் உள்ள நுண்ணிய அரைப்பான்கள் கெட்டுப்போன மேல் தோலைச் சுரண்டி எடுத்துவிடுகின்றன என்பது உண்மை. ஆனால் அங்கங்கே மிச்சமிருந்த தொழிற்சாலைப் பூச்சையும் அவை சேர்த்தே தேய்த்து எடுக்கின்றன. பாதுகாப்பு எதுவும் இல்லாத வெற்றுப் பிளாஸ்டிக் மறுநாள் காலையே வெயிலுக்கு முகம் காட்டி நிற்கிறது. பற்பசை மட்டுமல்ல, மெருகேற்றும் பசை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அதன்மேல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு இடப்படாவிட்டால் கதை இதேதான்.

மங்கல் வெறும் அழகுப் பிரச்சினை என்று தள்ளிவிடுவதற்கில்லை. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மிகவும் சீரழிந்த விளக்குகள் புதிய விளக்கு தரும் ஒளியில் 22 சதவீதம் மட்டுமே தந்ததாகவும், முறையாகத் தேய்த்துப் புதுப்பித்தவை ஏறத்தாழ 70 சதவீதம் வரை மீண்டதாகவும் கண்டறியப்பட்டது. குறைந்த ஒளியும் சாலையில் விழாமல் நாலாபுறமும் சிதறுகிறது; அந்தச் சிதறல் எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கிறது. வெளிச்சம் போதவில்லை என்று அதிக வாட் பல்பு வாங்கி மாட்டுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். மங்கிய முகப்பின் பின்னால் வலிய பல்பு வைத்தால் கூடுவது பெரும்பாலும் கூச்சமும் சூடும்தான்.

எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு குவளைத் தண்ணீரை விளக்கின் மேல் ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும் வரை தெளிந்து, காய்ந்ததும் மறுபடி மங்கினால், கேடு வெளிப்பரப்பில் இருக்கிறது, சரிசெய்துவிடலாம் என்று பொருள். நுண்ணிய குழிகளையும் கீறல்களையும் தண்ணீர் நிரப்பிவிடுவதால் ஒளி சிதறாமல் கடந்து செல்கிறது. ஈரத்திலும் மாறாத மங்கல் உட்புறத்திலோ பிளாஸ்டிக்கின் ஆழத்திலோ இருக்கும்; அதை வெளியிலிருந்து எவ்வளவு தேய்த்தும் பயனில்லை, விளக்கையே மாற்றத்தான் வேண்டும்.

என் இரண்டாவது முயற்சியை, வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் நண்பர் ஒருவர் பக்கத்தில் நின்று செய்ய வைத்தார். சுற்றிலும் உள்ள பெயிண்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டியபின், வாட்டர் பேப்பர் என்று அவர்கள் சொல்லும் நீர் உப்புத்தாளில் 800 எண்ணில் தொடங்கி, 1000, 2000, 3000 என்று படிப்படியாக நயமான தாளுக்குப் போக வேண்டும். தாளும் விளக்கும் ஒரு கணமும் காயக்கூடாது. முதல் தாளைப் போட்டதும் வழிந்த தண்ணீர் மோர் போலக் கலங்கி, மஞ்சள் சாயலோடு வந்தது. அந்தச் சாயல் நின்று வெறும் வெள்ளையாக வரும் வரை அதே தாளை விடக்கூடாது என்றார் நண்பர்; அவசரப்பட்டு அடுத்த எண்ணுக்குத் தாவினால் விளிம்பில் மிச்சமிருக்கும் பழைய பூச்சு கடைசியில் திட்டுத் திட்டாகத் தெரியும். ஒரு தாளில் கிடைவாட்டில் தேய்த்தால் அடுத்த தாளில் செங்குத்தாகத் தேய்க்க வேண்டும்; முந்தைய தாளின் கோடுகள் முற்றிலும் மறைந்தனவா என்பது அப்போதுதான் தெரியும். இந்தக் கட்டத்தில் விளக்கு, உறைபனி பிடித்தது போல முன்பைவிட மங்கலாகக் காட்சியளிக்கும். இருந்ததையும் கெடுத்துக்கொண்டோமே என்று வயிற்றைக் கலக்கும் நேரம் அது. 3000-க்குப் பிறகு பாலிஷ் பசையைத் தொட்டு மெருகேற்றத் தொடங்கியதும் அந்தப் பனி விலகும்.

பலர் அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் கருவிகளை எடுத்து வைத்துவிடுகிறார்கள். உண்மையில் முக்கியமான வேலை அப்போதுதான் தொடங்குகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பசையின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, விரல் படாமல் உலரவிட்டு, அன்றே புற ஊதாத் தடுப்புப் பூச்சை இட்டுவிட வேண்டும். துணியால் தடவும் வகையும் உண்டு, ஸ்பிரே வகையும் உண்டு. இரண்டு பகுதிகளைக் கலந்து இறுகும் கிளியர் கோட் என்னும் நிறமற்ற பூச்சு நீடித்து உழைக்கும். ஆனால் அதில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கேடு என்பதால், அதற்கேற்ற சுவாசக் கவசம் இல்லாமல் யாரும் அதைத் தொட வேண்டாம், பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்வதே நல்லது. வெறும் மெழுகு பூசினாலும் ஒன்றுமில்லாததற்கு மேல்தான். அதை அடிக்கடி புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

பற்பசையைவிடக் கெடுதலான வைத்தியங்களும் உலவுகின்றன. கொசு விரட்டித் தெளிப்பானை அடித்துத் துடைத்தால் விளக்கு மின்னுமென்று காட்டுகிறார்கள். அதில் உள்ள டீட் என்னும் வேதிப்பொருள் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இளக்கி வழவழப்பாக்குவதைத்தான் மினுமினுப்பு என்று எண்ணிக்கொள்கிறோம். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் ஆகியவை மயிரிழை விரிசல்களை உண்டாக்கும், அவற்றுக்கு மருந்தே இல்லை. அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவமும் பாலிகார்பனேட்டுக்கு ஆகாது.

புதிய கார் வாங்கியவர்களுக்கு இத்தனை பாடு தேவையில்லை. விளக்கு தெளிவாக இருக்கும்போதே அதன்மேல் ஒளி ஊடுருவும் பாதுகாப்புப் படலம் ஒட்டிவிட்டால், வெயிலும் பொடிக்கல்லும் முதலில் அந்தப் படலத்தைத்தான் தாக்கும். அது பழுதானால் உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டிக்கொள்ளலாம். கூடியவரை நிழலில் நிறுத்துவதும், நிழலே கிடைக்காத இடத்தில் முகப்பைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி நிறுத்துவதும் செலவில்லாத வழிகள். தூசியை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு துடைப்பும் உப்புத்தாளை ஒரு முறை இழுப்பதற்குச் சமம். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட்டு, கார் ஷாம்பூவில் நனைத்த மென்மையான துணியால் கழுவினால் போதும்.

ஆசிரியர் அவர்களே, அந்தக் குறிப்பைத் தாங்கள் திரும்பப் பெற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தேய்த்த அன்றே புற ஊதாத் தடுப்புப் பூச்சு இடாவிட்டால் தேய்க்காமலே இருப்பது மேல் என்ற ஒரே ஒரு வரியை அடுத்த இதழில் அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வீட்டுக்காரரும் தங்கள் இதழைப் படிப்பவர்தான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்